தட்டிப் பார்த்த தரை

என் மகள் என்னிடம் உதவி என்று வந்து நின்றது அவளுடைய இருபத்தொன்பதாவது வயதில்தான். அதற்கு முன்னால் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டாள்.

பார்சல் ஆபீசில் அவளுக்குக் கவுன்ட்டர் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணி வரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, பெட்டிகளை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அது முடிந்ததும் ஆடப் போவாள். கன்டெம்ப்ரரி டான்ஸ் என்று அதற்குப் பெயர். பாட்டுக்கு ஆடினாலாவது எனக்குப் புரியும். இது பாட்டே இல்லாமல் ஓடுவது, விழுவது, உருளுவது, எழுந்து மறுபடி விழுவது. ஒரே ஒரு தடவை மேடையில் பார்க்கப் போனேன். ஒழுங்காக நடந்து வந்தவள் திடீரென்று பொத்தென்று விழுந்தாள். பதறி எழுந்துவிட்டேன். பின்னால் இருந்த ஒருவன், "உக்காருங்க பெருசு, மறைக்குது" என்றான். அதோடு சரி. அப்புறம் போகவில்லை.

பிடிக்காதுதான். ஆனால் தடுக்கவும் இல்லை. தடுத்தால் மட்டும் கேட்டுவிடுவாளா? அவள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

போன வருஷம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர், புருஷனுக்கு வேலை மாறியதால் வேறு ஊருக்குப் போய்விட்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து, ஒரு பெரிய நடனக் குழு புதிதாக எட்டுப் பேரை எடுக்கப் போவதாக அறிவித்தது. மாதச் சம்பளம், ஊர் ஊராக மேடை. முப்பது தாண்டியவர்களுக்கு இடமில்லை. தேர்வுக்கு நாலு மாதம் இருந்தது. தேர்வு முடிந்த மறுமாதம் என் மகளுக்கு முப்பது. இது தவறினால் சாகும்வரை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதுதான். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நம்ம ஏரியாவைச் சுத்தி அஞ்சு ஸ்டூடியோ காட்டுது. எல்லாத்துலயும் கன்டெம்ப்ரரி கிளாஸ் இருக்குன்னு போட்டிருக்கான். நீங்க கூட வரணும்."

"நான் எதுக்கு? ஆடவா?"

"டீச்சர் போகும்போது ஒண்ணு சொன்னாங்க. புது இடம் தேடும்போது முதல்ல தரையைப் பாரு, அப்புறம்தான் வாத்தியாரைப் பாருன்னாங்க. தரைன்னா உங்களைவிட யாருக்குப்பா தெரியும்?"

நாற்பத்தோரு வருஷம் தரை போட்டவன் நான். டைல்ஸ், மார்பிள், கிரானைட், எதைக் கொடுத்தாலும் போடுவேன். என் இரண்டு முட்டியும் தேய்ந்தது அதில்தான். பள்ளிக்கூடத்து ஃபாரத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் "கட்டடம்" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள் இவள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சட்டையை மாட்டினேன்.

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இவரையா கூட்டிட்டுப் போற? கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்கு வந்தப்ப, எங்க அப்பாவுக்கு வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி சுவத்தைத் தட்டிப் பார்த்தவரு இவரு."

"தட்டினது தப்பா? அடுத்த மழைக்கே பூச்சு உதிர்ந்துச்சா இல்லையா?"

"உதிர்ந்துச்சு. எங்க அப்பா சாகிற வரைக்கும் நீங்க தட்டினதாலதான் உதிர்ந்துச்சுன்னு சொன்னாரு."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கிளம்பினோம். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

முதல் இடம் பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, மூன்றாவது மாடி. வாசல் போர்டில் பதினாலு விதமான ஆட்டத்தின் பெயர் எழுதியிருந்தது. உடம்பு இளைக்க, கல்யாண ரிசப்ஷனில் ஆட, குழந்தைகளுக்கு லீவு நாளில் ஆட என்று போய்க்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தவன் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கன்டெம்ப்ரரியா? பண்ணிடலாம் மேடம். எந்தப் பாட்டுக்கு வேணும்?" என்றான். அவள் திரும்பிப் படியிறங்கினாள். இரண்டாவது இடத்தில், போனில் ஸ்டூடியோ என்று காட்டிய கட்டடத்தில் மெத்தைக் கடை இருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன். "அவங்க காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. தினமும் நாலு பேர் வந்து கேக்கறாங்க. வந்தது வந்தீங்க, படுத்துப் பார்த்துட்டுப் போங்க" என்றார். "பாத்தியா, இந்தப் போனை நம்பினா இப்படித்தான்" என்றேன். அவள் முகம் சுருங்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது இடம் மூடிக் கிடந்த ஓர் அச்சாபீசுக்குப் பின்னால் இருந்தது. போர்டு கிடையாது. கதவில் ஒரு காகிதம் ஒட்டி, கிளாஸ் நேரம் மட்டும் எழுதியிருந்தது. உள்ளே உயரமான கூரை, பக்கவாட்டில் நீளமான ஜன்னல்கள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஓரமாக ஏழெட்டுப் பசங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் டீச்சர். நான் வாசலைத் தாண்டினேனோ இல்லையோ, "ஐயா, செருப்பு!" என்றாள். வணக்கம் கிடையாது, வாங்க கிடையாது. அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் விவரம் சொன்னாள். எங்கே கற்றாள், எத்தனை வருஷம், தேர்வு எப்போது, எல்லாம். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, "ஆடிக் காட்டு" என்றாள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றாள். மூன்று தடவை குதித்தாள். ஓடி, விழுந்து, உருண்டு, எழுந்தாள். எழுந்தபோது அவள் முகம் ஆளே மாறியிருந்தது. காலையிலிருந்து எட்டு மணி நேரம் நின்ற கால் மாதிரியே இல்லை. "அப்பா, தூக்கி விடுதுப்பா இந்தத் தரை!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"பத்து பேருக்கு மேல நான் எடுக்கறதில்லை. ஒரு இடம் இருக்கு. திங்கள்கிழமை வா" என்றாள் டீச்சர்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே தரை பார்க்கத்தானே? ஓரத்தில் மண்டியிட்டேன். விரல் முட்டியால் தட்டினேன். பொத் என்றது. இரண்டடி தள்ளித் தட்டினேன். அங்கேயும் பொத். எழுந்து குதிகாலால் மிதித்தேன். உள்ளே வெறும் காலி.

எங்கள் தொழிலில் இது ஒன்றாம் பாடம். போட்ட தரையைத் தட்டினால் கிண்ணென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அடியில் கலவை இல்லை, போட்டவன் ஏமாற்றியிருக்கிறான். ஆறு மாதத்தில் விரிசல் விடும். காலி சத்தம் கேட்டதற்காக ஒரு தடவை மூன்று நாள் வேலையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போட்டவன் நான்.

"என்னம்மா இது? அடியில ஒண்ணுமே இல்லையே" என்றேன்.

"காலியாத்தான் இருக்கணும் ஐயா. அடியில மரச்சட்டம் அடிச்சு, சட்டத்துக்கு அடியில ரப்பர் வெச்சிருக்கோம். குதிக்கும்போது தரை கொஞ்சம் அமுங்கும். அடி காலுக்குப் போகாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. காலி சத்தத்துக்கு விளக்கம் சொல்லாத காண்ட்ராக்டரை நான் பார்த்ததே இல்லை. காற்றுப் போக விட்டிருக்கிறோம் என்பான், வெயிலுக்கு விரிய இடம் விட்டிருக்கிறோம் என்பான். இவள் ரப்பர் என்கிறாள்.

"யாருக்கும்மா காது குத்தறீங்க? நாப்பது வருஷம் இந்த வேலை பாத்தவன்கிட்டயேவா? எவனோ உங்களுக்குப் பலகையை ஒட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான். நீங்க அதை அப்படியே எங்க தலையில கட்டறீங்க."

"அப்பா..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரு பாப்பா. உனக்குத் தெரியாது. இன்னிக்குத் தூக்கி விடும், நாளைக்கு உள்ள இழுத்துக்கும். பத்துப் பேர் குதிச்சா ஒரு நாள் எல்லாருமா போய்ச் சேருவீங்க. ஊரை ஏமாத்தற இடம் இது."

அந்த அம்மாள் பாட்டிலை மூடி ஜன்னல் ஓரம் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஐயாவுக்குத் திருப்தியான இடம் வேற எங்கயாவது கிடைக்கும்" என்றாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து தெரு முனை வரை மகள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அப்புறம், "தரை நல்லா இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் குதித்துவிட்டு எழுந்தபோது முகம் இருந்த இருப்பை நானும் பார்த்தவன்தான். பார்த்தும் என் விரல் முட்டியைத்தான் நம்பினேன். "நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

நாலாவது இடம் சோபா, கட்டில் விற்கிற ஒரு கடையின் அடித்தளம். சுவர், தூண், கூரையில் பாதி என்று பார்க்கிற இடமெல்லாம் கண்ணாடி. அதனால் அதை நடத்துகிறவனுக்கு நானே கண்ணாடிக்காரன் என்று பெயர் வைத்தேன். வாசலிலேயே, "வாங்க சார், உக்காருங்க சார், தண்ணி குடிங்க சார்" என்றான். பாருங்கள், சார் என்றதும் எனக்கே கொஞ்சம் இளகிவிட்டது. குனிந்து தட்டினேன். மேலே ரப்பர் ஷீட் ஒட்டியிருந்தது. அடியில் பாறை மாதிரி. குதிகாலால் ஓங்கி மிதித்தால் என் இடுப்பு வரை வந்து கிண்ணென்றது.

"இது தரை" என்றேன்.

"சார் கரெக்டாச் சொல்லிட்டீங்க. லாரி ஏறினாலும் அசையாது" என்றான் கண்ணாடிக்காரன்.

மகள் செருப்பைக் கழற்றி ஒரு தடவை குதித்தாள். இரண்டாவது தடவை குதிக்கவில்லை. "ஒரு நாள் யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் சொன்னதைக் கேட்டுத்தான் சேர்ந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் பார்க்கிறவனிடமெல்லாம், "பொண்ணு டான்ஸ் கிளாஸுக்கு நான்தான் இடம் பார்த்துக் குடுத்தேன்" என்று சொல்லித் திரிந்தேன். நான்! அந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்காதவன்.

வாரத்துக்கு ஐந்து நாள் போனாள். இரண்டாவது மாதத்தில், சாயங்காலம் வந்ததும் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி முழங்கால் வரை காலை விட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

"என்னடி இது?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"நாள் பூரா நிக்கறேன்ல. அதான்."

"டான்ஸ் ஆடினா கால் வலிக்காம காதா வலிக்கும்?" என்றேன் நான். அன்றைக்கு அது எனக்குப் பெரிய நகைச்சுவை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு நாள் பார்சல் ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான். கவுன்ட்டரில் நின்றவள் கீழே உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. நானும் போனேன். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்து, முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தைப் பேனாவால் காட்டினாள். தலைமயிர் மாதிரி ஒரு கோடு.

"இது ஒரே நாள்ல விழுந்து வந்த விரிசல் இல்லை. தினம் தினம் அடி வாங்கி வந்திருக்கு. என்ன பண்றீங்க?"

"டான்ஸ்" என்றாள் மகள்.

"எங்க ஆடறீங்க? தரை எப்படி?"

நான்தான் முந்திக்கொண்டேன். "தரையிலயெல்லாம் ஒரு குறையும் இல்லை டாக்டர். நானே தட்டிப் பாத்தேன். அடியில சுத்தமான காங்கிரீட். லாரி ஏறினாலும் அசையாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அசையணுமே ஐயா. தரை அமுங்கினா கால் தப்பிக்கும். தரை அமுங்கலைன்னா அந்த அடியெல்லாம் எலும்புதான் வாங்கும். எத்தனை நாள் வாங்கும்?"

அச்சாபீசுக்குப் பின்னால் அந்த அம்மாள் சொன்னதும் இதேதான். அப்போது அதைப் பொய் என்று சொன்னவன் நான். மகள் என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் மூன்று மாதம் குதிக்கக் கூடாது என்றாள் டாக்டர். மூன்று வாரத்தில் ஒரு தேர்வு இருக்கிறது என்று மகள் சொன்னாள். டாக்டர் பேனாவை எடுத்தாள். சீட்டு எழுதினாள்.

நாலைந்து நாள் பொறுத்தேன். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் அச்சாபீசுக்குப் பின்னால் போனேன். மத்தியானம், கிளாஸ் இல்லாத நேரம். செருப்பை வெளியிலேயே விட்டேன். அந்த அம்மாள் துடைப்பான் வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்ன ஐயா, மறுபடி தட்டிப் பார்க்கவா?"

நடந்ததைச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, நாலே வரி. அவள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். மூலையில் ஒரு பலகையின் திருகைக் கழற்றித் தூக்கிக் காட்டினாள். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம். சட்டத்துக்கு அடியில், கை அகலத்துக்கு ஒன்றாக ரப்பர் கட்டை. ஒரு இடத்தில்கூட இடைவெளி கூடக் குறைய இல்லை. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும். நல்ல கைக்காரன் செய்த வேலை. நான் செய்திருந்தால் பத்துப் பேரைக் கூட்டி வந்து காட்டியிருப்பேன்.

"தப்புதாம்மா. நான் பேசினது தப்பு" என்றேன். "அவளுக்கு ஏதாவது பண்ண முடியுமா? அந்தக் குழுவுல சொல்லி, அடுத்த வருஷம்..."

"வயசு நான் வெச்ச கணக்கு இல்லையே."

"அன்னிக்கு நான் வராம இருந்திருந்தா..."

அவள் பலகையைத் திரும்பப் பொருத்தித் திருகை முடுக்கினாள். திருகையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்க பொண்ணு மறுநாளே எனக்குப் போன் பண்ணுச்சு. தெரியுமா?"

தெரியாது.

"அப்பா பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், தரை எப்படின்னு என் காலுக்குத் தெரியும், அந்த இடத்தை எனக்கே குடுங்கன்னு கேட்டுச்சு. நான் ஆள் வந்துருச்சுன்னு சொல்லிட்டேன்." துடைப்பானைக் கையில் எடுத்தாள். "ஆள் வரலை ஐயா. பத்து நாள் காலியாத்தான் இருந்துச்சு. ஏமாத்தற இடம்னு அத்தனை பேர் முன்னாடி, என் பசங்க காதுல விழற மாதிரி சொன்னீங்க. எனக்கு ஆத்திரம். உங்க மேல இருந்த ஆத்திரத்தை அந்தப் பொண்ணு தலையில இறக்கிட்டேன்."

அவளைத் திட்ட வாய் வரைக்கும் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகமொத்தம் நான் தட்டிப் பார்த்துச் சொன்னதை என் மகள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அந்தக் காங்கிரீட்டில் முதல் தடவை குதித்தபோதே அவள் காலுக்குத் தெரிந்திருக்கிறது. இருந்த ஒரு நல்ல கதவை நான் பேசியே சாத்திவிட்டேன். ஐந்தாவது இடத்தில் குழந்தைகளைத்தான் சேர்ப்பார்களாம். நாளும் இல்லை. வேறு வழியில்லாமல்தான் தெரிந்தே அங்கே போய்க் குதித்திருக்கிறாள்.

வீட்டில் அவள் கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்த டீச்சருக்குப் போன் பண்ணினியாமே பாப்பா. எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"சொல்லி?" என்றாள்.

அவ்வளவுதான். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற என் வீட்டுக்காரிகூட அன்றைக்கு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. மகள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், சரியாகியிருக்கும். அவள் திட்டவில்லை. மரியாதையாக இருந்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி.

தேர்வு நாளன்று காலையில் எழுந்து தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு குளிக்க அரை மணி நேரம் ஆகும். மேஜை மேல் அவள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

ஒரு பெண் குரல், நல்ல பதவிசான பேச்சு. குழுவின் பெயரைச் சொன்னாள், என் மகள் பெயரைச் சொன்னாள். "இன்னிக்குப் பதினொரு மணிக்கு அவங்க வரணும். பட்டியல்ல பேர் இருக்கு. வந்துடுவாங்கல்ல?"

குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"வரமாட்டா" என்றேன்.

"அப்படியா? வேற யாரையாவது வரச் சொல்லணும், அதான் உறுதியாக் கேக்கறேன். நீங்க யாரு பேசறது?"

"அப்பா."

"சரிங்க. அவங்க பேரை எடுத்துடறேன்."

போனை வைத்த இடத்திலேயே வைத்தேன். அவள் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஈரத் தலையோடு வெளியே வந்தாள்.

"போன் அடிச்சுதா?"

"அவங்கதான். வருவியான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

துண்டால் காதைத் துடைத்தாள்.

"இது ஒண்ணு சரியாச் சொல்லியிருக்கீங்க" என்றாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.